மரப்பேனா கடைசல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மரப்பேனா என்று கையில் பிடிப்பது உண்மையில் பித்தளைக் குழாய்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல்தான். பலரும் முதலில் எடுக்கும் ஸ்லிம்லைன் கிட்டை (குழாய், முனை, கிளிப் எல்லாம் சேர்ந்து வரும் மெல்லிய பேனாத் தொகுப்பு) கணக்குப் பாருங்கள்: துளை 7 மி.மீ., உலோக முனை பொருந்தும் விளிம்பில் வெளிவிட்டம் ஏறத்தாழ 8.4 மி.மீ. அப்படியென்றால் அங்கே மரத்தின் தடிமன் 0.7 மி.மீ. மட்டுமே. இவ்வளவு மெல்லியதில் எந்தச் சின்னத் தவறும் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் அது உடனே வெளியே தெரிவதுமில்லை. துளையிடும்போது செய்தது கடையும்போது காட்டும், ஒட்டும்போது விட்டது பூட்டும்போது வெடிக்கும். அதனால் கோளாறு தெரிந்த கட்டத்திலேயே நின்று தேடாமல் ஓரிரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

கீழே உள்ள அளவுகள் 7 மி.மீ. ஸ்லிம்லைனுக்கானவை. வேறு கிட்டுகளில் துளையும், கடையும்போது கட்டையின் இரு முனையிலும் மாட்டும் உலோக வளையமான புஷ்ஷின் அளவும் மாறும், காரணங்கள் மாறாது.

துளை கோணலாகப் போகிறது

முதலில் ஓர் ஆறுதல்: துளை கட்டையின் நடுவில் இல்லாவிட்டாலும் பேனா கெட்டுப்போகாது. கடையும்போது குழாய்தான் மையம், கட்டையின் வெளிமுகம் அல்ல. 19 மி.மீ. சதுரக் கட்டையில் துளை 2 அல்லது 3 மி.மீ. விலகி வெளியேறினாலும் தேவையான மரம் எல்லாப் பக்கமும் மிஞ்சும். ரேகை அழகு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். மெலிந்த பக்கத்தில் 2 மி.மீ.க்கும் குறைவாக மரம் இருந்தால் மட்டும் அந்தக் கட்டையை ஒதுக்குங்கள்.

விலகலுக்குப் பெரும்பாலும் மழுங்கிய பிட்டும் அவசரமும்தான் காரணம். சாய்வான நாரில் பிட் நுனி மென்மையான பக்கத்தைத் தேடி நழுவும். முதலில் குட்டையான சென்டர் பிட்டால் குழி போட்டு, நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று வேகத்தில், 6 முதல் 8 மி.மீ. இறங்கியதும் பிட்டை முழுக்க வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். தூள் அடைத்தால் பிட் சூடேறும். கருங்காலி போன்ற அடர்ந்த மரத்தில் அந்தச் சூடே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். பிட்டைத் தொட முடியாத அளவு சூடானால் நிறுத்தி ஆற விடுங்கள்.

லேத்திலேயே துளையிடுபவர்கள் இரண்டு பக்கக் கூர்முனைகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பாருங்கள். முனை முனையோடு சந்திக்காவிட்டால் எந்தப் பிட்டும் நேராகப் போகாது, துளையும் அகலமாகிவிடும்.

துளை வெளியேறும் பக்கம் சிதறுகிறது

கட்டையைக் குழாயைவிட 10 மி.மீ. நீளமாக வெட்டுங்கள். பிட் வெளியே வரும் முன் நிறுத்தி, அந்த நுனியை ரம்பத்தால் அறுத்தால் துளை சுத்தமாகத் திறக்கும். இது முடியாவிட்டால் அடியில் வேண்டாத பலகைத் துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்துத் துளையிடலாம்.

குழாய் பாதியில் மாட்டிக்கொண்டது

சூப்பர் க்ளூ வகையான சி.ஏ. பசை, ஈரம் பட்ட இடத்தில் நொடிகளில் பிடிக்கும். துளை இறுக்கமாக இருந்தால் குழாய் நுழைந்துகொண்டிருக்கும்போதே கெட்டியாகிவிடும். குழாயை மரத்தில் ஒட்ட, இரண்டு பகுதியைக் கலந்து பூசும் எபாக்சி பசைதான் நிம்மதி. 5 நிமிட வகையே போதும், இரண்டு பகுதியும் சம அளவு. குழாயை 150 முதல் 220 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். பசையைக் குழாயின் மேலும் துளைக்குள்ளும் தடவி, திருகியபடி உள்ளே தள்ளி, ஒருமுறை வெளியே இழுத்து மறுபடி தள்ளினால் பசை எல்லா இடமும் பரவும். நுழைக்கும் முன் குழாயின் வாயைப் பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் குத்தி அடைத்துவிட்டால் உள்ளே பசை போகாது. இந்த ஒரு வேலை பூட்டும்போது வரும் பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டதா? வெளியே 3 அல்லது 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதே கட்டையின் மிச்சத்திலிருந்து துளையுள்ள வளையம் ஒன்றை அறுத்து, ரேகை ஓடும் திசை பார்த்து அங்கே ஒட்டிவிடலாம். அதைவிட அதிகம் என்றால் புதுக் கட்டை எடுப்பதே மேல்.

கடையும்போது மரம் துண்டாகப் பிய்ந்து பறக்கிறது

உளியைத் திட்டும் முன் பிய்ந்த இடத்தைப் பாருங்கள். குழாய் சுத்தமாக, பசைத் தடமே இல்லாமல் பளபளக்கிறதா? அங்கே ஒட்டவே இல்லை. துளை அகன்றிருக்கலாம், குழாய் தேய்க்கப்படாமல் இருந்திருக்கலாம், பசை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம். குழாயின்மேல் மரநாரும் பசையும் ஒட்டிக்கொண்டே பிய்ந்திருந்தால்தான் குற்றம் உளியில்.

உளியில் என்றால் நான்கு விஷயங்கள். கூர் போயிருக்கும்: தேக்கில் உள்ள சிலிக்கா எஃகு உளியை வெகு சீக்கிரம் மழுங்கடிக்கும், ஒரு பேனாவுக்குள் இரண்டு முறை தீட்ட வேண்டிவரலாம். வெட்டு ஆழமாயிருக்கும். வேகம் குறைவாயிருக்கும்: சதுரத்தை உருட்ட நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று, கடைசி வெட்டுகளுக்கு 2,500 முதல் 3,000. நான்காவது, வெட்டும் திசை: தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குத்தான் உளி போக வேண்டும். மெலிந்த இடத்திலிருந்து ஏறினால் நார் முனையை உளி தூக்கிவிடும்.

கார்பைடு வில்லை உளி வைத்திருப்பவர்கள் அதைத் தட்டையாகக் காட்டிச் சுரண்டுவதே வழக்கம். முடிச்சு மரத்தில் அது நாரைப் பிடுங்கும். வில்லையை ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் சீவலாக வரும். தூளாக வந்தால் சுரண்டுகிறீர்கள், சுருளாக வந்தால் வெட்டுகிறீர்கள்.

பலவீனமான மரம் என்று முன்பே தெரிந்தால் 12 மி.மீ. விட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, நீர்போல் ஓடும் நீர்த்த வகை சி.ஏ. பசையை முழுக்க ஊற வைத்து, காய்ந்த பிறகு தொடருங்கள். இரண்டு விளிம்புகளுக்கும் இதை எப்போதுமே செய்யலாம்.

பறந்த துண்டு கிடைத்தால் கெட்டியான சி.ஏ. பசையால் அதே இடத்தில் ஒட்டி, நன்கு காய விட்டுக் கடைந்தால் கோடுகூடத் தெரியாது. கிடைக்காவிட்டால் அதே மரத்தின் தூளை அடைத்துப் பசை விடலாம். கருத்த மரத்தில் இது மறையும். வெளிர் மரத்தில் பசை நனைந்த தூள் கருமையாகத் தெரியும், அங்கே இந்த வைத்தியம் வேண்டாம். மரத்தை முழுக்கக் கடைந்து தள்ளி, குழாயை மீட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள்.

ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு

முனையைப் பூட்டிய பிறகு மரம் ஒருபுறம் உலோகத்தைத் தாண்டி நிற்கும், மறுபுறம் உள்ளே பதுங்கும். இது பேனா கடைபவர்கள் எல்லோரையும் ஒருமுறையாவது அலைக்கழிக்கும் கோளாறு. கோளாறு மரத்தில் இருப்பது அபூர்வம், அதைப் பிடித்திருக்கும் தண்டில்தான் தேட வேண்டும்.

கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள், எளியது முதலில். லேத்தின் நகரும் பின்பகுதியான டெயில்ஸ்டாக்கின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கட்டையையும் புஷ்களையும் கோத்துப் பிடிக்கும் மாண்ட்ரல் தண்டு 6 மி.மீ. சொச்சம் கனமுள்ள நீண்ட கம்பி, நுனியில் அழுத்தினால் வில்லாக வளையும். ஓடும்போது மெல்லத் தளர்த்தினால் ஆட்டம் குறைகிறதா? காரணம் கிடைத்துவிட்டது. டெயில்ஸ்டாக்கில் உள்ள கூர்முனையான சுழலும் சென்டர், தண்டோடு சேர்ந்து சுற்றும் அளவு அழுத்தமே போதும். அடுத்து மாண்ட்ரல் நட்டு. அதையும் விரலால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் தண்டு வளையும். மென்மையான வெட்டில் கட்டை நழுவினால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பிறகு சென்டரின் கோணம். மாண்ட்ரல் நுனியில் உள்ள குழி 60 டிகிரி கூம்புக்கானது. மரக்கடைசலுக்கென்று லேத்தோடு வரும் கோப்பை வடிவ சென்டர் அங்கே சரியாக உட்காராது, தண்டு நுனி அதில் அலையும். அதன்பின் லேத்தின் கூம்புத் துளையையும் மாண்ட்ரலின் கூம்பையும் துணியால் துடையுங்கள். ஒரே ஒரு சீவல் அங்கே சிக்கியிருந்தாலும் தண்டு நுனியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். எல்லாம் சரியென்றால் தண்டைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தோன்றி மறைந்தால் தண்டு வளைந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

தண்டு நேர்தான், ஆனாலும் கோளாறு என்றால் கட்டையின் முனைகள் மட்டமாக இல்லை. சாய்ந்த முனை புஷ்ஷைச் சாய்த்து, அது தண்டை வளைக்கும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தண்டு உள்ளே புகுந்துகொள்ளும் குழல் சென்டர். அழுத்தம் தண்டில் விழாமல் புஷ்ஷில் விழும். இன்னொன்று, தண்டையே விட்டுவிட்டு, இருபுறமும் 60 டிகிரி சென்டர்களுக்கு நடுவே புஷ்களோடு கட்டையை நேரடியாகப் பிடிப்பது. பேனாவின் மேல், கீழ் என்ற இரண்டு துண்டில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கடைய முடியும். ஆனால் வளைய அங்கே எதுவும் இல்லை. அடிக்கடி பரிசுக்குப் பேனா செய்பவர்கள் இரண்டாவதற்கு மாறிவிடுவதே நல்லது.

கடினமும் மென்மையும் மாறி மாறி வரும் மரத்தில், அல்லது இரண்டு மரம் ஒட்டிய கட்டையில், உப்புத்தாளே இந்தக் கோணலை உண்டாக்கும். மென்மையான பகுதி வேகமாகத் தேயும். அங்கே தாளுக்குப் பின்னால் தட்டையான கட்டை வைத்துத் தேயுங்கள், உளியால் முடிந்தவரை முடித்துத் தேய்ப்பைக் குறையுங்கள்.

உலோகம் சேருமிடத்தில் விரல் தட்டுகிறது

புஷ் என்பது வழிகாட்டிதான், அளவுகோல் அல்ல. ஒவ்வொரு முறை உப்புத்தாள் அதன்மேல் உரசும்போதும் அது கொஞ்சம் மெலிகிறது. கிட்டில் உள்ள முனை, நடுவளையம், கிளிப் வளையம் ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்து, அந்த அளவுக்கு மரத்தைக் கொண்டுவாருங்கள். கெட்டியான பூச்சு போடுவதாக இருந்தால் விட்டத்தில் 0.1 முதல் 0.2 மி.மீ. குறைத்தே நிறுத்த வேண்டும், பூச்சு அந்த இடத்தை நிரப்பும்.

வெளிர் மரம் அழுக்கேறுகிறது, கீறல்கள் மிஞ்சுகின்றன

மேப்பிள் போன்ற வெள்ளை மரத்தின் விளிம்பில் சாம்பல் நிறம் படிந்தால் அது எஃகு புஷ்ஷின் தூள். தேய்க்கும் கட்டத்தில் எஃகு புஷ்களை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே கட்டையைப் பிடியுங்கள். கருமரமும் வெண்மரமும் ஒட்டிய கட்டையைத் தேய்த்த பின் துடைக்காதீர்கள், துடைத்தால் கருந்தூள் வெண்ணாருக்குள் போய்விடும். காற்றால் ஊதுங்கள்.

வட்டக் கீறல் பூச்சுக்குப் பிறகுதான் பளிச்சென்று தெரியும். 150, 220, 320, 400, 600 என்று எண் ஒன்றையும் தாண்டாமல் போங்கள். ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் லேத்தை நிறுத்தி, நாரின் திசையில் நீளவாக்கில் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். வேகம் 1,000 சுற்றுக்கு மேல் வேண்டாம்.

பூச்சில் கோளாறு

பளபளப்பான சி.ஏ. பூச்சுதான் எல்லோரும் விரும்புவது, அதிகம் சறுக்குவதும் அதில்தான். சரியான முறை இது: தேய்த்த மரத்தை ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று. மடித்த பேப்பர் டவலில் மூன்று நான்கு சொட்டு நீர்த்த பசை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு மூன்று நொடிக்குள் இழுப்பு, அவ்வளவே. இப்படி 3 பூச்சு, பிறகு நடுத்தரக் கெட்டியான பசையில் 6 முதல் 8 பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பருத்தித் துணியில் இந்தப் பசையை ஊற்றாதீர்கள், பருத்தியோடு சேர்ந்து கைசுடும் அளவு சூடாகும். சுழலும் லேத்தில் துணியைக் காட்டுவதும் தவறு, சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். புகை கண்ணை எரிக்கும் என்பதால் கண்ணாடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

*வெண்மை பூக்கிறது.* விரைவில் காய வைக்கும் ஸ்பிரேயைக் கிட்டத்திலிருந்து அடித்திருப்பீர்கள். 30 செ.மீ. தள்ளி, மூடுபனிபோல் லேசாக அடித்தால் போதும், பொறுமை இருந்தால் ஸ்பிரேயே வேண்டாம். வெண்மை விளிம்புகளில் மட்டும் என்றால் காரணம் வேறு: மெருகேற்றத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தபோது மரத்தின் வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்த முறை நனைக்கும் முன் வெட்டுமுகங்களில் நீர்த்த பசை ஒரு சொட்டு தடவி அடைத்துவிடுங்கள். இப்போது இருப்பதை 400 எண் தாளால் வெண்மை போகும்வரை தேய்த்து மறுபடி பூசலாம். வெண்மை மரம்வரை இறங்கியிருந்தால் முழுவதையும் கடைந்தெடுப்பதே வழி.

*அலையலையாக மேடு.* பசை அதிகம், அல்லது காயத் தொடங்கிய பிறகும் தாளை இழுத்தது. 400 எண் தாளை வைத்துத் தட்டையாகத் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் கோடுகளும் புள்ளிகளும் பள்ளங்கள். எல்லாம் ஒரே மங்கலாகும்வரை தேய்த்தபின்தான் 1500 முதல் 12000 வரையுள்ள ஒன்பது மெருகுப் பட்டைகளுக்குப் போகவேண்டும். பள்ளத்தோடு மெருகேற்றினால் பள்ளமும் சேர்ந்து மின்னும். தேய்க்கையில் மரத்தின் நிறம் திட்டாக மாறினால் பூச்சைத் தாண்டிவிட்டீர்கள், நிறுத்தி இன்னும் நான்கு பூச்சு போடுங்கள்.

*விளிம்பில் செதில் செதிலாக உரிகிறது.* பசை புஷ்ஷையும் மரத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டது, பிரிக்கும்போது பூச்சும் பெயர்கிறது. கழற்றும் முன் சேருமிடத்தைக் கூர்கத்தியால் சுற்றிக் கீறுங்கள். இந்தப் பசை ஒட்டாத பிளாஸ்டிக் கூம்புகளில் பூசினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

*சில மாதத்தில் தகடாகப் பெயர்கிறது.* ஈட்டி, தேக்கு, ஆலிவ் போன்ற எண்ணெய் மரங்களில் வருவது. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் முதல் பூச்சைப் போட்டுவிட வேண்டும்.

*கைபட்டு மங்குகிறது.* இது பெரும்பாலும் அரக்கும் மெழுகும் கலந்த உரசல் பாலிஷ். லேத்தில் ஒரு நிமிடத்தில் மின்னும், தினமும் எழுதும் கையில் நிற்காது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், கைகளைச் சுத்தம் செய்யும் திரவமே அதற்கு எமன். மேசைமேல் வைக்கும் பேனாவுக்குச் சரி, பரிசாகக் கொடுத்துத் தினமும் புழங்கப்போகும் பேனாவுக்கு வேண்டாம்.

பூட்டும்போது விரிசல்

அழுத்தும் கருவியைக் குறை சொல்லும் முன் மட்டப்படுத்திய முனையைப் பாருங்கள். கட்டை முனையை மட்டமாக்கும் டிரிம்மரால் சீவி முடித்தபோது பித்தளை வளையம் முழுச் சுற்றும் பளபளத்ததா? பாதி வளையம்தான் மின்னியது என்றால் மறுபாதியில் மரம் பித்தளையைத் தாண்டி நிற்கிறது. அழுத்தும் பாரம் முழுக்க அந்த 0.7 மி.மீ. மரத்தில் விழும், விரிசல் நிச்சயம். முழு வளையம் தெரிந்த நொடியில் நிறுத்தவும் வேண்டும், மேலும் சீவினால் குழாய் குட்டையாகிவிடும்.

இரண்டாவது சந்தேகம் குழாயின் உள்ளே காய்ந்த பசை. சின்ன மேடுகூட முனையை ஒருபக்கமாகத் தள்ளிக் குழாயை விரிக்கும். உருண்டை அரத்தாலோ கத்தி நுனியாலோ சுரண்டி, வாயின் உள்விளிம்பில் லேசான சரிவு கொடுங்கள். உலோகப் பகுதி கையால் 1 மி.மீ. உள்ளே போய் நேராக நிற்க வேண்டும், அப்போதுதான் அழுத்தத் தொடங்கலாம். தனிக் கருவி இல்லாவிட்டால் லேத்தின் டெயில்ஸ்டாக்கோ மரத்துண்டு வைத்த வைஸோ போதும். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

மயிரிழை விரிசல் என்றால் நீர்த்த பசை ஒரு சொட்டு விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் மெருகேற்றிவிடலாம். எதிர்க்கோளாறான தளர்ந்த முனைக்கும் மருந்து ஒரு சொட்டுப் பசைதான்.

ரீஃபில் முனை உள்ளே ஒதுங்கவில்லை, அல்லது வெளியே வரவில்லை

ஸ்லிம்லைனில் ரீஃபிலை வெளியேயும் உள்ளேயும் நகர்த்தும் திருகு மெக்கானிசம் கீழ்த்துண்டின் மேல்வாயில் அழுத்தப்படுகிறது. ஆழம் கூடினால் முனை எப்போதும் வெளியே நிற்கும், குறைந்தால் முழுக்க வெளியே வராது. மெக்கானிசத்தில் பதிந்துள்ள அடையாளக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள், குழாயைச் சீவிய அளவு ஒவ்வொரு முறையும் மாறும். கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்தி, ரீஃபிலைத் திருகி மாட்டி, இயக்கிப் பாருங்கள். பிறகு அரை மி.மீ. அரை மி.மீ.ஆக அழுத்திப் பாருங்கள். எழுதும் நிலையில் உலோக நுனி 2 முதல் 3 மி.மீ. தெரிந்து, ஒதுக்கும்போது முழுக்க மறைந்தால் அதுதான் அளவு.

ஆழமாக அழுத்திவிட்டால் ரீஃபிலை எடுத்துவிட்டு, மெக்கானிசத்தின் நடுத்துளை வழியாக மெல்லிய கம்பியை விட்டு முதலில் முனையைத் தட்டி வெளியே எடுங்கள். பிறகு துண்டைத் திருப்பி, முனை இருந்த பக்கத்திலிருந்து தடித்த கம்பியால் மெக்கானிசத்தை வெளியே தள்ளலாம். வரிசையை மாற்றினால் வேலை நடக்காது.

கொடுத்த பிறகு வெடிக்கிறது

செய்தபோது குறையே இல்லை, சில வாரம் கழித்து நீளவாக்கில் ஒரு கோடு. மரம் காயவில்லை என்பதே முதல் காரணம். ஈரம் இறங்கும்போது மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. 8.4 மி.மீ. விட்டமுள்ள விளிம்பின் சுற்றளவு சுமார் 26 மி.மீ. மரம் 1 சதவீதம் சுருங்கினாலே கால் மி.மீ. குறைகிறது, அந்தக் கால் மி.மீ.தான் விரிசலாகத் திறக்கிறது. 4 சதவீத ஈரம் இறங்கினால் பல மரங்களில் ஏறத்தாழ இவ்வளவு சுருக்கம் வரும்.

கட்டையை 0.1 கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவாருங்கள். சில வாரங்கள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. கருங்காலி இதில் மிக மோசம், மெதுவாகத்தான் காயும். அதை முதலில் துளையிட்டுவிட்டு, குழாய் ஒட்டாமல் சில வாரம் வைத்தால் உள்முகத்திலிருந்தும் ஈரம் போகும். ஒட்ட எபாக்சி, கடைய கூர் உளி, தேய்க்கக் குறைந்த வேகம். தேய்க்கும்போது விரல் சுட்டால் மரமும் சுடுகிறது என்று பொருள்.

பரிசுக்கான பேனாவை முடித்த அன்றே பெட்டியில் போடாமல் இரண்டு மூன்று வாரம் சாதாரணமாகக் கிடக்க விடுங்கள். வெடிக்கிற பேனா பெரும்பாலும் அதற்குள் வெடித்துவிடும். ஒருவரிடம் கொடுத்தபின் வெடித்தால், மெல்லிய கோடு நீர்த்த பசையில் அடங்கும். அகன்றது அடங்காது: உலோகப் பாகங்களைத் தட்டிக் கழற்றி, அவற்றையே வைத்துப் புதுக் குழாயில் வேறு மரம் கடைந்து கொடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் எழுதவில்லை

புது ரீஃபிலின் நுனியில் மை உலராமலிருக்க மெழுகோ பிளாஸ்டிக்கோ சின்னக் குமிழாக ஒட்டியிருக்கும். அதைக் கிள்ளிவிட்டுத் தாளில் சுழித்துப் பாருங்கள். அப்படியும் கீறினால் கிட்டோடு வந்த ரீஃபிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று மாட்டுங்கள். ஸ்லிம்லைனுக்குப் பின்முனையில் மரையுள்ள கிராஸ் வகை ரீஃபில் வேண்டும், பெரிய கிட்டுகள் பலவற்றுக்குத் தடித்த பார்க்கர் வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பரிசு வாங்குபவருக்கு எந்த வகை என்று ஒரு சீட்டில் எழுதி, நடுவில் பிரித்து மாற்றும் முறையையும் காட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் மை தீர்ந்ததும் முனைப்பக்கத்தைத் திருகிப் பார்ப்பார்கள், அது அழுத்திப் பூட்டியது என்பதால் வராது, மரம்தான் குழாயிலிருந்து பெயரும்.